பாட்டுக்கும் உண்டு ஊரும் சேரியும்

ஒரு இசைக் காணொளி வந்ததும் முதல் கேள்வி: "இது எந்த வகை?" அப்பாவித்தனமான கேள்வியாகத்தான் படும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "நீங்க எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று கேட்பதும் அப்படித்தான் படும். பதில் சொன்ன பிறகுதான் கேள்வி எதற்கென்று புரியும். வகை பிரிப்பது அறிவு வேலை மட்டுமல்ல. யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று சொல்லும் அதிகாரமும் அதில் இருக்கிறது. காணொளிகளைச் சுற்றி எழும் சர்ச்சைகளை ஆராய வரும் மாணவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பர் பாட்டைத் தனியே பிரித்து 'இன இசைத்தட்டு' என்று விற்றன. தென்பகுதி ஏழை வெள்ளையர் பாட்டுக்கு 'ஹில்பில்லி' என்று பேர். இரண்டு சனமும் ஒருத்தர் பாட்டை ஒருத்தர் கேட்டு வளர்ந்தவர்கள். ஹில்பில்லிக்கு அடையாளமாகிப்போன பாஞ்சோ, ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த கருவி. 1949இல் பில்போர்ட் பத்திரிகை பேர்களை நாகரிகமாக்கியது. ஒன்று 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆனது, மற்றது 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது. பேர் மாறியது, வேலி மாறவில்லை. 'அரிசன்' என்று பேர் வாங்கிய நமக்கு இந்த வித்தை புதுசா என்ன?

1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியது. இருபத்து நாலு மணி நேரமும் காணொளி. ஆனால் கறுப்பு முகங்கள் அபூர்வம். 1983இல் ரிக் ஜேம்ஸ் என்ற கறுப்புக் கலைஞர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதே ஆண்டு வெள்ளைப் பாடகர் டேவிட் போவி, அந்தச் சேனலுக்குக் கொடுத்த பேட்டியிலேயே இதைக் கேட்டுவிட்டார். நிர்வாகம் சொல்லிவந்த காரணத்தைக் கவனியுங்கள்: 'நாங்கள் ராக் சேனல்.' நிறத்தைச் சொல்லவில்லை, வகையைச் சொன்னார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' ஓடத் தொடங்கிய பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2019 மார்ச்சில் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பு இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டை பில்போர்ட் தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் போதுமான அளவு இல்லையாம். அடுத்த மாதமே ஒரு வெள்ளைக் கன்ட்ரி பாடகரும் சேர்ந்து பாடிய வடிவம் வந்தது. பொதுப் பட்டியலில் அந்தப் பாட்டு 19 வாரம் முதலிடத்தில் நின்றது. அதன் காணொளி 1889இல் தொடங்கி, குதிரைமேல் வரும் அந்தக் கறுப்பரை இன்றைய தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஹாலிவுட் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கௌபாய் என்றால் வெள்ளைக்காரன். நிஜத்தில் மாடு மேய்த்தவர்களில் கறுப்பர்கள் ஏராளம். வரலாற்றில் அழித்ததையே வகையிலும் அழித்தார்கள்.

நம்ம பக்கம் வருவோம். வடசென்னையில் சாவு வீட்டில் பாடினால் அது 'மரண கானா'. சினிமாவுக்குள் போனால் 'குத்துப்பாட்டு'. சேரிக்கிழவி அழுதால் ஒப்பாரி. அதே இழுவை ஸ்டுடியோவுக்குள் போனால் 'சுயாதீன இசை'. சத்தம் ஊருக்குள்ளே போகலாம், சத்தம் போட்டவன் போகக் கூடாது.

2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' காணொளியின் பின்கதையை எல்லோரும் அறிவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, இங்கே நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையை வைத்து அறிவு எழுதிய பாட்டு. நிலத்தை உண்டாக்கியவனுக்கு நிலமில்லை என்பதுதான் அதன் ஆதாரம். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியப் பதிப்பின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்ட பிறகு பேச்சு எழுந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் அறிவு இல்லை. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் இது கூட்டுப் படைப்பு என்றார். அதை வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து தங்களுக்குப் பணமே வரவில்லை என்று 2024இல் சொன்னார். ஆகவே இதை இரண்டு பேர் சண்டையாகக் குறுக்கிப் பயனில்லை. பெயர் விடுபடும்போதெல்லாம் ஏன் ஒரே பக்கத்தில் விடுபடுகிறது என்பதுதான் கேள்வி.

"பாட்டு எல்லாருக்கும் பொது இல்லையா தோழர்?" என்பார்கள். பொதுதான். நிலம் பொது என்று ஒருநாளும் சொல்லாதவர்கள், பாட்டு என்று வந்தால் மட்டும் பொதுவுடைமை பேசுவது ஏன்?

அதற்காக, 'எங்கள் பாட்டை நாங்கள்தான் பாடுவோம்' என்று நாமும் ஒரு வேலி கட்டலாமா? இது இன்னும் சிக்கலான இடம். பறை நம் கலை என்று மேடையேற்றியதும் நம் போராட்டம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்டதும் நம் போராட்டம். பிறப்பால் ஒருத்தனுக்கு ஒரு பாட்டு என்பது சாதி சொன்ன சட்டம். அதை மரியாதைச் சொல்லில் சுற்றித் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', அயோத்திதாசரின் 'சாதியற்ற' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியது. வகையை மீறுவது அவர்களுக்கு அழகியல் சோதனை மட்டுமல்ல, அது சாதி மறுப்பு.

எனவே அறம் யார் பாடலாம் என்பதில் இல்லை. யார் பாடினாலும் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்பதில் இருக்கிறது. கலப்பு வேண்டும். ஆனால் கலந்த பிறகு ஒருத்தன் கரைந்துபோய் இன்னொருத்தன் மட்டும் மிதந்தால் அது கலப்பு இல்லை, அபகரிப்பு.

அடுத்த காணொளியை ஆராய உட்காரும்போது வகை என்ற கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள். யார் எழுதியது, யார் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், கூலி யாருக்குப் போனது, அட்டைப்படத்தில் யார் இல்லை என்பதை முதலில் எழுதுங்கள். வகை என்னவென்று பாதி அதிலேயே தெரிந்துவிடும்.