மூச்சும் அச்சமும்

அஞ்சியவனைப் பழித்தல் மனிதருக்கு எளிதான செயல். அச்சம் குணக்குறையென்றும், நெஞ்சுரம் உடையவன் அதனை அறியானென்றும் கருதிக்கொள்கிறோம். பண்டைய கிரேக்கத்தின் ஸ்டோயிக்கவாதிகள் இக்கருத்துக்குத் தத்துவ வடிவமே கொடுத்தனர். வரவிருக்கும் ஒன்றைத் தீமையெனத் தவறாக முடிவுசெய்வதே அச்சம். அம்முடிவு திருந்தின் அச்சமும் அகலும் என்பது அவர்தம் கொள்கை.

கலைப்பீட மாணவனொருவன் உடற்றொழிலியலில் நுழைவது அத்துமீறலாகலாம். ஆயினும் இக்கொள்கையை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல் அங்கேதான் கிடைக்கிறது.

மூச்சை அடக்கும்போது நம்மைப் பெரிதும் வதைப்பது ஒட்சிசன் குறைவன்று. குருதியிற் பெருகும் காபனீரொட்சைட்டேயாகும். அது மூளையைச் சூழ்ந்த பாய்மத்தினுட் புகுந்து, நீருடன் சேர்ந்து காபோனிக்கமிலமாகி, ஐதரசன் அயன்களை விடுவிக்கிறது. நீள்வளைய மையவிழையத்திலுள்ள இரசாயனவாங்கிகள் அவ்வமிலத்தன்மையை உணர்ந்து சுவாசத்தைத் தூண்டுகின்றன. கழுத்தில், தலைக்குச் செல்லும் நாடிகள் கிளைக்குமிடத்திலும் இத்தகைய காவலர் உளர். நுரையீரற் சிற்றறைக் காற்றில் இவ்வாயு 0.2 வீதம் மிகுந்தாலே காற்றோட்டம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பதை ஹால்டேனும் பிறீஸ்ற்லியும் 1905இல் காட்டினர். மூச்சை அடக்குவேன் என்னும் சங்கற்பம் சிறிதுநேரம் நிற்கும், பின்னர் முறியும்.

இது சுவாசத்தைப் பற்றியது மட்டுமெனின் தத்துவத்துக்கு இங்கு வேலையில்லை. ஆனால் 2013இல் வெளியான ஆய்வொன்று நம்மை நிறுத்தி யோசிக்கவைக்கிறது. அச்சத்தின் இருப்பிடமெனக் கருதப்பட்ட அமிக்டலா என்னும் மூளைப்பகுதி இருபுறமும் சிதைந்த மூவர் அதிற் பங்குகொண்டனர். எஸ். எம். என்னும் எழுத்துகளால் மட்டும் அறியப்பட்ட பெண்மணி அவருள் ஒருவர். பாம்பைக் கண்டும், கொலைமிரட்டலை எதிர்கொண்டும் அஞ்சாதவர். 35 வீதக் காபனீரொட்சைட்டு கலந்த காற்றை ஒருமுறை உள்ளிழுத்ததும் மூவரும் பெரும் பீதிக்குள்ளாயினர். அமிக்டலா சிதைவுறாத பன்னிருவருள் மூவருக்கே அந்நிலை ஏற்பட்டது. ஆய்வாளர் எதிர்பார்த்ததோ இதற்கு மாறானது.

அப்பெண்மணி எதனைத் தவறாக முடிவுசெய்தார்? வெளிறுதலும் நடுங்குதலும் முதல் அசைவுகளே, அறிவு இசைந்தால்தான் அவை அச்சமாகும் எனச் செனெக்கா விடையிறுக்கக்கூடும். இவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. அங்கு நிகழ்ந்தது வெறும் நடுக்கமன்று, முழு அச்சம்; இசைவு கேட்கப்படவேயில்லை. எல்லா அச்சமும் இரசாயனமே என்பதும் என் வாதமன்று. பாம்பச்சம் கண்வழியும் அறிவுவழியும் வருவது. பயிற்சியால் அதனைத் தணிக்கலாம்.

இவ்வினா எனக்கு நூலகத்திற் பிறந்ததன்று. எங்கள் அப்பு சுருட்டுப் புகைத்தவர். எவருக்கும் அஞ்சாதவரென ஊரிற் பெயரெடுத்தவர். சுவாசநோய் முற்றிய இறுதி மாதங்களில் நள்ளிரவில் எழுந்திருந்து, கதவைத் திறக்கும்படி அலறி, என் கையை இறுகப் பற்றிக்கொள்வார். "கிழவனுக்குச் சாவுப்பயம் பிடித்துவிட்டது" என்றனர் உறவினர். நானும் அவ்வாறே எண்ணினேன்; ஓரிரவு கையை விடுவித்துக்கொண்டு உறங்கவும் சென்றேன்.

அவரது துயருக்கு ஒரு வாயுவே காரணமென நான் துணியேன். நலிந்த நுரையீரலின் உழைப்பும், வேறு பலவும் சேர்ந்திருக்கும். ஆனால் அவர் சாவை எண்ணிப்பார்த்துக் கோழையானார் என்ற எங்கள் தீர்ப்புக்கு ஆதாரமெதுவும் இருக்கவில்லை. அவருடைய துணிவை நாங்கள் தேடியிருக்கவேண்டிய இடம் அந்த நள்ளிரவன்று. விடிந்து மூச்சுச் சற்று இலகுவானதும் அவர் முதலிற் கேட்பது, "இரவு உன்ரை படிப்புக் குழம்பிப்போச்சுதோ, மோனை?" என்பதே.