மேல்நூலும் அடிநூலும்

வெயில் திண்ணையை விட்டு நகர்வதற்குள் ஊசியில் நூல் கோத்துவிட வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சம் என் கண்ணுக்குப் போதவில்லை.

கை ஊசிக்குக் காது பின்னால். மிஷின் ஊசிக்கு நுனியில். 1846-ல் எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய மிஷினின் சூட்சுமம் இதில்தான். ஊசி மேல்நூலைத் துணிக்கு அடியில் கொண்டுபோகும். மேலே திரும்பும்போது அங்கே சின்னதாய் ஒரு வளையம் விழும். பாபின் நூல் அதோடு பூட்டிக்கொள்ளும். இழுவை சரியாயிருந்தால் அந்தப் பூட்டு துணிக்குள்ளேயே மறைந்துவிடும். மேல்நூல் இறுகினால் அடிநூல் புள்ளி புள்ளியாக மேலே தலைகாட்டும். திருகைக் கொஞ்சம் தளர்த்துவேன், துண்டுத் துணியில் ஓட்டுவேன், திருப்பிப் பார்ப்பேன். இதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

*

தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிய கை இது. கட்டைக்கு இவ்வளவு என்று கூலி; நிமிர்ந்தால் காசு குறையும். அந்த அவசரம் இன்னும் காலில் இருக்கிறது போல.

"மெதுவா மிதிங்கத்தே. சக்கரம் பின்னால சுத்துனா நூல் அறுந்துரும்" என்கிறாள் பக்கத்து வீட்டு மருமகள். வயதில் என் மகளைவிடச் சின்னவள். தையலில் எனக்கு மூத்தவள்.

சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் மிஷின் தருகிறது. அதற்கு வயது வரம்பு உண்டு. பிழைக்க வேண்டியவர்களுக்கானது, அதுதான் நியாயம். எனக்கு இது பிழைப்பில்லை. அதனால் ஒரே ஓரத்தை ஒரு மத்தியானம் முழுக்க மடித்துக்கொண்டிருக்க முடிகிறது. இந்த வயதில் கிடைத்த பெரிய சொத்து அது.

*

ஆடி கடைசி வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். அப்புறம் மாரியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் ஆற்றங்கரையும் நிறையும், வீடும் நிறையும்.

தைப்பது, பயர் ஆபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போகும் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, சேலைக்கு மேல் போடும் சட்டை. காட்டன்தான். நைலானும் பாலியஸ்டரும் உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். பட்டாசு மருந்து பற்ற அதன் பொறி போதும். நூலும் காட்டன் நூலே வாங்கினேன். துணியை ராத்திரி முழுக்க நனைத்து, காயவைத்துத்தான் வெட்டினேன், சுருங்குமே.

பை வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"பை எதுக்குத்தே? செல்லை கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுவாங்க."

சரி, பை வேண்டாம். அக்குளில் மட்டும் ரெட்டைத் தையல் போடுகிறேன். கையை நீட்டி நீட்டி வேலை செய்கிறவளுக்கு முதலில் விடுவது அந்த இடம்தான்.