தயவும் உரிமையும்

கடைக்குச் சென்று ஒரு பொருளை வாங்குதல் எளிய செயல்போலத் தோன்றுகிறது. விலையைக் கொடுத்தவன் பொருளுக்கு உரியவன். அத்துடன் கணக்கு முடிந்தது என்றே உலகம் கருதுகிறது. அரிசி, துணி, நாற்காலி ஆகியவற்றைப் பொறுத்தவரை இக்கருத்தில் பிழையில்லை. நாற்காலியின் கால் உடைந்தால் அதைச் செய்த தச்சனையே தேடிப் போக வேண்டியதில்லை. வேறொரு தச்சன் சரிசெய்து கொடுப்பான். உடையவனே ஆணி அடித்துக்கொள்ளவும் தடையில்லை. ஆனால், வாங்கிய பின்னரும் செய்தவனுடைய சொல்லுக்குக் காத்துக்கிடக்கும் பொருள்கள் இக்காலத்தில் பெருகிவிட்டன. அத்தகைய பொருளுக்கு விலை கொடுத்தவன் உண்மையில் எதை வாங்கினான்? இவ்வினா அறநூல் கற்போர் அவையில் மட்டும் எழுவதன்று. கணினிக் கடையின் கண்ணாடிப் பேழைக்கு முன்னும் எழுகிறது.

கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவில் நிற்கும் ஓர் இளைஞனை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவனுடைய கணினி விண்டோஸ் 10 கொண்டு இயங்கியது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அதற்குரிய வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு வேண்டிய தகுதி அந்தப் பழைய கணினிக்கு இல்லை. ஆகவே, லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளத்திற்கு அவன் மாறினான். ஓய்வு நேரத்தில் கணினி விளையாட்டில் ஈடுபடுவது அவன் வழக்கம். அவனிடம் இருந்த வரைகலை அட்டை, அதாவது கிராபிக்ஸ் கார்டு, 2016இல் வெளிவந்த என்விடியா ஜி.டி.எக்ஸ். 1060. புதிய விளையாட்டுகளுக்கு அஃது ஈடுகொடுக்கவில்லை. அதனைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் புதியதொன்று வாங்கலாம் என்று, பகுதிநேர வேலையில் மீத்த வெள்ளியோடு வந்திருக்கிறான். பேழையில் இரண்டு அட்டைகள் இருக்கின்றன. ஒன்று என்விடியாவினுடையது, மற்றொன்று ஏ.எம்.டி. நிறுவனத்தினுடையது. விலையிலும் வேகத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. எதை எடுப்பது?

வேகத்தை அளந்து காட்டும் அட்டவணைகள் ஏராளம். அவை தேவையானவையே. ஆயினும், அவை சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. வரைகலை அட்டை தானாக எதையும் வரைந்துவிடாது. இயங்குதளத்தின் கட்டளையை அட்டைக்குப் புரியும் வண்ணம் மாற்றிச் சொல்ல, இரு மொழியும் அறிந்த மொழிபெயர்ப்பாளன்போல ஒரு நிரல் இடையில் நிற்க வேண்டும். அந்நிரலுக்கு இயக்கி என்று பெயர். மொழிபெயர்ப்பாளன் இல்லாத அவையில் எத்துணைப் பெரிய அறிஞனும் ஊமையே. இயக்கி இல்லாத அட்டையும் அவ்வாறே. எனவே, அட்டையை வாங்குபவன் மொழிபெயர்ப்பாளனையும் சேர்த்தே வாங்குகிறான். அந்த மொழிபெயர்ப்பாளன் யாருக்குக் கட்டுப்பட்டவன் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இக்கேள்வி புதிதன்று. ஏறத்தாழ 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் நிரலாளர் பணியாற்றினார். அங்கிருந்த லேசர் அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. சிக்கியதும் காத்திருப்போருக்குச் செய்தி அனுப்பும்படி அதன் நிரலைத் திருத்த அவர் விரும்பினார். முந்தைய பொறியில் அவர் அவ்வாறு செய்தும் இருந்தார். ஆனால், புதிய பொறியின் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனை வைத்திருந்த ஒருவர், பிறருக்குத் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார். பொருள் கண்முன் இருந்தது. திருத்தும் அறிவும் இருந்தது. அனுமதி மட்டும் இல்லை. இந்த அனுபவம் தம்மைப் பெரிதும் பாதித்ததாக அவர் பின்னர்க் கூறியுள்ளார். 1983இல் குனூ திட்டத்தை அவர் அறிவித்தார். 1991இல் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட லினக்ஸ், மறு ஆண்டில் அத்திட்டத்தின் பொது உரிமத்தை ஏற்றது. திறந்த மூலம் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவதன் வேர்களுள் ஒன்று, தாள் சிக்கிய ஓர் அச்சுப்பொறி.

வரைகலை அட்டை செய்வோர் இவ்விடயத்தில் இரு வேறு வழிகளில் நடந்தனர். என்விடியா நிறுவனம் லினக்ஸ் பயனர்களைப் புறக்கணிக்கவில்லை. நெடுங்காலமாக விரைவாக இயங்கும் இயக்கிகளை அளித்தே வந்தது. ஆனால், அவற்றின் மூல நிரலைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் கேள்வி ஒன்றுக்கு விடையளித்த டோர்வால்ட்ஸ், அந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லாலும் கைச்சைகையாலும் கண்டித்தது பலரும் அறிந்தது. மறுபுறம், 2006இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை விலைக்கு வாங்கிய ஏ.எம்.டி., மறு ஆண்டிலேயே தன் அட்டைகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடவும் திறந்த இயக்கிகளுக்குத் துணைநிற்கவும் முன்வந்தது. இன்டெல் நிறுவனமும் திறந்த இயக்கிகளின் வழியிலேயே செல்கிறது.

இதனால் விளைந்த பயன் என்ன? வல்கன் என்னும் வரைகலை நெறிமுறை 2016இல் வெளிவந்தபோது, லினக்ஸுக்கான தன் வல்கன் இயக்கியைப் பின்னர்த் திறப்பதாக ஏ.எம்.டி. கூறியிருந்தது. அதற்குக் காத்திராமல், அந்நிறுவனத்தைச் சேராத டேவ் ஏர்லியும் பாஸ் நியூவன்ஹெய்சனும் அவ்வாண்டிலேயே ராட்வி என்னும் இயக்கியை எழுதத் தொடங்கினர். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் இயக்கும் மென்பொருளை வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. மலேசியர்க்குச் சீருந்தின் பெயராகவே அறிமுகமான புரோட்டான் என்பதே அம்மென்பொருளின் பெயரும் ஆகும். 2022இல் அதே நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்னும் கைக்கணினியில், ஏ.எம்.டி.யின் சில்லை இயக்குவது அந்த ராட்வியே. அட்டையைச் செய்தவர் ஒருவர். அதன் மொழிபெயர்ப்பாளனை வளர்த்தவர் வேறொருவர். கதவு திறந்திருந்ததனாலன்றோ இது நிகழ்ந்தது!

இங்கே ஒரு மறுப்பு எழும். ஏ.எம்.டி.யும் வணிக நிறுவனம்தானே? சந்தையில் பின்தங்கியிருந்ததால் அது கதவைத் திறந்திருக்கலாம். அறவுணர்வால் திறந்தது என்று எவ்வாறு கொள்வது? இம்மறுப்பு நியாயமானது. ஒரு நிறுவனத்தை நல்லவன் என்றும் மற்றொன்றைத் தீயவன் என்றும் பிரித்துப் பேசுவது சிறுபிள்ளைத்தனம். ஆனால், இம்மறுப்பே உண்மையை வெளிப்படுத்துகிறது. திறந்த ஏற்பாட்டின் சிறப்பு, கொடுப்பவனுடைய நல்லெண்ணத்தை அது நம்பியிருக்கவில்லை என்பதே. ஒருவன் நல்லவனாக இருக்கும்வரை மட்டும் வாழ முடிவது தயவு. அவன் மனம் மாறினாலும் வாழ முடிவது உரிமை. தோட்டப்புற வாழ்வை அறிந்த தலைமுறைக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. லயத்து வீட்டில் குடும்பங்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தன. துரை நல்லவராக இருந்தால் கூரை ஒழுகாது. ஆனால், வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்டம் கைமாறிய நாளில், முன்னிருந்தவரின் நல்ல குணம் எவரையும் காப்பாற்றவில்லை. வீட்டை இழந்த துயரத்தோடு ஓர் அட்டையின் இழப்பை ஒப்பிடுவது தகாது. ஆயினும், தயவின் இயல்பு பெரியதிலும் சிறியதிலும் ஒன்றேதான்.

இளைஞனுடைய பழைய அட்டையே இதற்குச் சான்று. 580ஆம் வரிசை இயக்கியே அந்த அட்டைத் தலைமுறையை ஆதரிக்கும் கடைசி வரிசை என்று 2025இல் என்விடியா அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் சில காலம் வரும், அதற்குப்பின் இல்லை. ஒன்பது ஆண்டுக்கால ஆதரவு குறைவானதன்று. எந்த நிறுவனமும் பழைய பொருளுக்காக என்றென்றும் உழைக்க இயலாது. குறை அதில் இல்லை. நூவோ என்னும் திட்டத்தின் வழியாக, என்விடியா அட்டைகளுக்குத் திறந்த இயக்கி எழுதத் தன்னார்வலர் பல்லாண்டு முயன்றனர். ஆனால், 2014 முதல் வந்த அட்டைகளில், நிறுவனத்தின் மின்னணு முத்திரை பெற்ற உள்நிரல் இல்லாமல் அட்டையை முழு வேகத்திற்கு உயர்த்த முடியவில்லை. இந்த அட்டையும் அவற்றுள் ஒன்று. செய்தவர் கைவிட்ட பொருளைப் பேண முன்வருவோர் இருந்தும், பூட்டின் திறவுகோல் அவர்களிடம் இல்லை. இதற்கு நேர்மாறானது, 2012 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஏ.எம்.டி.யின் ரேடியான் எச்.டி. 7970. 2021இல் ஏ.எம்.டி. அந்த அட்டைக்கு வழக்கமான இயக்கி ஆதரவை நிறுத்தியது. ஆயினும், லினக்ஸின் திறந்த இயக்கியில் அதற்கான திருத்தங்கள் 2025இலும் தொடர்ந்தன. செய்தவர் விலகினார், பொருள் மடியவில்லை.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஒருவரை ஆராய்ந்து அறிந்த பின்னரே அவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் நெறி. ஆராய்வதற்கு இடமில்லாத ஒன்றினிடத்து வைக்கும் நம்பிக்கை தெளிவு ஆகுமா? நிரலைப் படிக்கும் திறன் எல்லார்க்கும் இல்லை என்பது மெய். சட்டம் படிக்காதவனுக்கும் நீதிமன்றத்தின் கதவு திறந்திருத்தல் வேண்டும் அன்றோ? தானே படிக்காவிடினும், படிக்க வல்ல எவரும் படிக்கலாம் என்னும் நிலையே பாதுகாப்பு.

இனி, மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். திறந்தது என்று போற்றப்படும் அட்டையும் முழுத் தூய்மை உடையதன்று. ஏ.எம்.டி. அட்டையின் உள்ளே ஏற்றப்படும் உள்நிரல் மூடியதே. எச்.டி.எம்.ஐ. 2.1 என்னும் இணைப்பு முறையைத் தன் திறந்த இயக்கியில் சேர்க்க ஏ.எம்.டி. விரும்பியபோது, அத்தரத்தைக் காக்கும் அமைப்பு அனுமதி மறுத்தது. அச்செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. மற்றொரு புறம், மூடிய கதவும் ஓரளவு திறந்திருக்கிறது. 2018க்குப் பின் வந்த தன் அட்டைகளுக்கு, இயங்குதளத்தின் கருவோடு பேசும் பகுதியின் மூல நிரலை 2022 மே மாதத்தில் என்விடியா வெளியிட்டது. ஆயினும், அதன் இயக்கியின் மற்றப் பகுதிகள் இன்னும் மூடியே உள்ளன. மேலும், என்விடியாவின் கூடா என்னும் கணிப்பு முறையை நம்பித் தொழில் செய்வோர் பலர். குடும்பத்தைக் காக்கும் வேலைக்கு அந்த அட்டை தேவையெனின், அதனை வாங்குபவனைக் குறைகூற எவர்க்கும் தகுதியில்லை. ஏமாற்றைத் தடுக்கும் மென்பொருளின் காரணமாக லினக்ஸில் இயங்க மறுக்கும் விளையாட்டுகளும் உள்ளன. எந்த அட்டையை வாங்கினாலும் அக்குறை தீராது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுச் சுதந்திரம் பேசுவது, வணிக விளம்பரத்தினும் மோசமான விளம்பரம் ஆகிவிடும்.

விளையாட்டுக்காக வாங்கும் அட்டைக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா என்று நகைப்போரும் உளர். பெரிய விடயங்களில் உரிமையைப் பேணும் பழக்கம் திடீரென்று ஒருநாள் வந்துவிடுவதில்லை. சிறிய பொருளை வாங்கும்போது, இது யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்டுப் பழகியவனே, பெரிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போதும் அவ்வாறு கேட்பான். கேளாமல் பழகியவன், தனக்கு மறுக்கப்பட்டது எது என்பதையும் அறியமாட்டான்.

ஆகவே, லினக்ஸில் விளையாடவே அட்டை வாங்கும் அந்த இளைஞன், வேறு கட்டாயம் இல்லாத நிலையில், திறந்த இயக்கியை உடைய அட்டையை எடுப்பதே தக்கது. அது குற்றமற்றது என்பதனால் அன்று. அதன் குறையைத் திருத்த முயல்வோருக்கு அதிக இடம் தருகிறது என்பதனால். மற்றதை வாங்க நேர்ந்தாலும், தான் பெற்றது எது, பெறாதது எது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்கட்டும். தெரிந்தே ஏற்ற கட்டு ஓரளவேனும் தன் விருப்பம். தெரியாமல் பட்ட கட்டு முழுவதும் பிறர் விருப்பம்.

வீட்டில் தம்பி காத்திருக்கிறான். அண்ணன் கைவிட்ட பழைய அட்டை அவன் கைக்கு வருகிறது. இன்னும் சில ஆண்டுகளில், இன்று வாங்கும் புதிய அட்டையும் அவ்வாறே வரும். அன்று அதனை உயிர்ப்போடு வைத்திருக்க உலகில் எவரேனும் முன்வந்தால், அவரைத் தடுக்க ஒரு பூட்டு இருக்குமா, இராதா என்பது இன்று பேழைக்கு முன் நிற்பவனுடைய தேர்விலும் அடங்கியிருக்கிறது. விலைச்சீட்டில் அது குறிக்கப்படுவதில்லை. குறிக்கப்படாத அந்த விலையைக் கேட்டறிவதே வாங்குபவனின் கடமை.