போகிறவன் பொருள்

வீட்டை முன்னே விற்றுவிட்டு அயல்நாட்டில் புதிய வீடு தேடுவதா, அங்கே ஒரு வீடு அமைந்தபின் இங்குள்ளதை விற்பதா என்னும் பேச்சு இப்போது நண்பர்கள் கூடுமிடங்களில் அடிக்கடி எழுகின்றது. ஈப்போவிலும் கிள்ளானிலும் சொந்த வீடு வைத்திருந்து, பிள்ளைகளை நாடி ஆஸ்திரேலியாவுக்கோ சிங்கப்பூருக்கோ பெயர எண்ணுவோரின் கவலை அது. முன்னே விற்றால் தலைக்குமேல் கூரை இல்லை. பின்னே விற்பதாயின் கையில் பணம் இல்லை. கவலை மெய்யானதே. ஆயினும் அவர்களுக்கு ஒரு பேறு வாய்த்திருக்கின்றது. அவர்களால் காத்திருக்க முடியும். இவ்வாண்டு விலை படியாவிட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் குறைத்துக் கேட்டால் மற்றொருவர் வரும்வரை கதவைச் சாத்திக்கொள்ளலாம். காத்திருக்க முடிந்தவன் விலையைச் சொல்கிறான். முடியாதவன் விலையைக் கேட்டுக்கொள்கிறான். சந்தையின் இயல்பு இது என்று நாமும் அதற்குமேல் எண்ணிப் பார்ப்பதில்லை.

காத்திருக்க முடியாதவர்கள் விற்ற காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அதனைக் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில், சிறுவனாக நின்று பார்த்தேன்.

1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மலை அது. 1929-இல் ரசல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்ட கைகளில் தமிழர் கைகள் மிகுதி. அவர்களுக்குத் தோட்டம் லயத்தில் வீடு தந்தது. தந்தது என்று எழுதுவதுகூடப் பிழையாகலாம். வேலை உள்ளவரைதான் வீடு. பெரட்டில் பெயர் இல்லையேல் லயத்திலும் இடம் இல்லை. முப்பது ஆண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று, பெற்றோரைப் புதைத்தவர்க்கும் அவ்வீட்டின் ஒரு பலகைகூட உரிமையன்று. ஆதலின் அவர்கள் வீட்டை விட்டுப் போனார்களேயன்றி, வீட்டை விற்றுப் போகவில்லை. விற்பதற்கு அவர்களிடம் இருந்தவை வீட்டைச் சுற்றியிருந்தவை: பசு, ஆடு, கோழி, தையல் இயந்திரம், வானொலிப் பெட்டி. கொல்லையில் பந்தலேறிக் காய்த்துத் தொங்கிய சௌசௌக் கொடியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை.

1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1969 மே மாதக் கலவரத்தின் பின்னர் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை பெறாதவர், அஃதாவது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர், இனி வேலை செய்யப் பெர்மிட் பெறவேண்டும் என்றாயிற்று. பெர்மிட் கிடைக்காதவர்களும், கிடைத்தும் அது எத்தனை நாளைக்கு என்று அஞ்சியவர்களும் கப்பலேறினர். ஏறக்குறைய 60,000 இந்தியர் அக்காலத்தில் நாட்டைவிட்டுச் சென்றனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பலருக்கு நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கியபின் எங்கே போவது என்பதே தெரியாது. ஊரில் வீடு இருந்ததாக நினைவிருக்கும். அவ்வீட்டில் இப்போது யார் இருக்கிறார் என்பது தெரியாது. புதிய வீட்டைத் தேடிக்கொண்டே பழையதைக் கைவிடுவது என்பது அவர்கள் வகையில் இதுதான்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவரும் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். அவரும் என் தந்தையும் ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரே மலையில் ஒரே மழையில் நனைந்தவர்கள். இருவர்க்கும் இருந்த வேறுபாடு ஒரு விண்ணப்பத் தாள். 1957-இல் நாடு விடுதலை பெற்றபின் ஓராண்டுக் காலம், மலாய்மொழித் தேர்வின்றியே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் ஒருநாள் மாலை வந்து அமர்ந்து, கேட்டவர்க்கெல்லாம் தாளை நிரப்பிக் கொடுத்தார். என் தந்தை நிரப்பிக்கொண்டார். இவரோ, "நாம் என்றைக்கிருந்தாலும் ஊருக்குப் போகிறவர்கள்தானே" என்று சிரித்துவிட்டு, மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்விட்டாராம். பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தச் சிரிப்புக்கு இவ்வளவு பெரிய விலை இருக்கும் என்று யார் கண்டார்?

அந்த மாட்டைத்தான் 1970-இல் என் தந்தை வாங்கினார். கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவர் எங்கள் வாசலில் வந்து நின்று, "அண்ணே, நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்றார். விலை என்று ஒன்றை அவர் வாய்விட்டுக் கூறவே இல்லை. மலையில் அந்நாளில் அத்தகைய கறவை மாட்டுக்கு என்ன விலை என்று இருவருக்கும் தெரியும். என் தந்தை அதில் பாதியைச் சொன்னார். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

என் தந்தையின் செயல் தவறா என்னும் கேள்வி என்னைப் பல ஆண்டுகளாகத் தொடர்கின்றது. அவர் பக்கத்து நியாயம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. "நானா அவனைப் போகச் சொன்னேன்?" என்று அவர் பின்னாளில் கேட்டார். சட்டம் அவர் செய்ததன்று. அவர் வாங்காவிட்டால் தாப்பாவிலிருந்து வரும் வியாபாரி அதனினும் குறைத்தே கேட்டிருப்பான்; எனவே விற்றவர்க்கு அவரால் நன்மையே விளைந்தது என்றும் வாதிடலாம். கையில் இருந்த பணமும் அவ்வளவுதான். நாட்கூலிக்காரன் முழு விலை கொடுக்க எங்கே போவான்?

உரோமர் சட்டத் தொகுப்பில், ஜஸ்டீனியன் காலத்தில் தொகுக்கப்பட்ட விதியொன்று உண்டு. நிலத்தை நியாய விலையில் பாதிக்கும் குறைவாக விற்க நேர்ந்தவன் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளக் கேட்கலாம். வாங்கியவன் குறைந்த தொகையைக் கட்டிவிட்டால் நிலம் அவனிடமே இருக்கும். பாதி என்னும் எல்லையை அவர்கள் எப்படிக் கண்டார்களோ! பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் நுட்பமாக நோக்கினார். வாங்குவோனுக்கு ஒரு பொருள் மிகத் தேவைப்படுகிறது என்பதற்காக விற்போன் விலையை ஏற்றலாகாது. ஏனெனில் அத்தேவை வாங்குவோனுடையது, தனதல்லாததை விற்க விற்போனுக்கு உரிமையில்லை என்பது அவர் கருத்து. இதனைத் திருப்பிப் பார்த்தால் எங்கள் வாசலில் நிகழ்ந்தது தெளிவாகின்றது. அந்த ஒன்பது நாள் அவருடையது, அவருடைய துன்பம். அதனைத் தந்தையார் மாட்டோடு சேர்த்து இலவசமாக எடுத்துக்கொண்டார். நம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும்போது, அவர்கள் விற்கும் நேர்மையோடு வாங்கும் நேர்மையையும் சேர்த்தே போற்றுகின்றது. நாமோ ஏமாற்றுதல் என்றாலே விற்பவனைத்தான் நினைக்கிறோம். வாங்குபவன் ஏமாற்றுவதற்கு நம்மிடம் உள்ள பெயர் 'ஆதாயம்'.

இது எங்கள் லயத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1942-இல் அமெரிக்க அரசு மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்கு அனுப்பியபோது, சில நாள் தவணையே பெற்ற குடும்பங்களின் வாசல்களில் வாங்குவோர் வந்து நின்றனர். இயந்திரங்களும் மேசை நாற்காலிகளும் அற்ப விலைக்குக் கைமாறின. 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. இலங்கை மலைநாட்டு லயங்களிலும் எத்தனை பசுக்கள் பாதி விலைக்குப் போயினவோ! அரசுகள் ஒப்பமிடுகின்றன, அதன் ஆதாயம் சில வேளை அடுத்த வீட்டுக்காரன் தொழுவத்தில் வந்து கட்டப்படுகின்றது.

ஆயினும் முழு விலை கொடுக்க வழியில்லாத ஏழை என்ன செய்திருக்க வேண்டும்? இங்கேதான் 'நீங்களே பார்த்துக் கொடுங்கள்' என்னும் சொல்லை நான் மீண்டும் மீண்டும் எண்ணுகிறேன். தமிழர் வழக்கில் அது பேரம் அன்று. விலையைக் கூறும் உரிமையை எதிரில் இருப்பவன் மனச்சான்றிடம் ஒப்படைத்தல். அச்சொல்லைக் கேட்ட கணத்தில் என் தந்தை வாங்குவோன் என்னும் நிலையிலிருந்து நீதிபதி என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்டார். தம் வழக்கையே தாம் விசாரிக்கும் நீதிபதி. "இதன் விலை இவ்வளவு, என்னிடம் இருப்பது இதில் பாதி, மீதி உனக்கு நான் பட்ட கடன்" என்று அவர் கூறியிருக்கலாம். அக்கடன் தீராமலே போயிருக்கலாம். கடல் கடந்து பணம் அனுப்ப முகவரி வேண்டும். அவரிடமோ முகவரியே இல்லை. எனினும் கடன் என்று சொல்லப்பட்டிருந்தால், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகின்றது. பாதிப் பணத்தோடு போவது வேறு. தன் மாட்டின் மதிப்பே பாதிதான் என்று ஒப்புக்கொண்டு போவது வேறு. தந்தையார் கொடுக்க முடியாதது பணம். கொடுக்க முடிந்தும் கொடாதது அந்த ஒரு சொல். என் தீர்ப்பு இவ்வளவே. மகன் என்னும் முறையில் இதைக் கூறுவது எளிதாக இல்லை.

அம்மாடு எங்கள் தொழுவத்தில் நான்கு கன்று ஈன்றது. அதன் பாலை விற்ற பணத்தில்தான் எனக்கு இடைநிலைப் பள்ளிக்குச் சீருடை தைத்தார்கள். அம்மா கடைசிவரை அதை 'அவுங்க மாடு' என்றே அழைத்தார். தந்தை அதைக் கேட்டும் கேளாதவர்போல் இருப்பார்.

பின்னர் அவர் ஓய்வு பெற்றார். லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்து நாங்கள் மலையிறங்க வேண்டிய நாள் வந்தது. எங்களுக்கும் ஒரு தவணை கொடுத்திருந்தார்கள். தாப்பாவில் வாடகை வீடு இன்னும் முடிவாகவில்லை. பொருள்களை வாங்க அக்கம்பக்கத்தார் வரத் தொடங்குமுன், தந்தை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுச் சாக்கட்டி வாங்கிவந்து, அலமாரி, கட்டில், மண்வெட்டி, கோழிக்கூடு என ஒவ்வொன்றின்மேலும் விலையை எழுதி வைத்தார். யாரும் தம்மிடம் விலை கேட்க வேண்டாம் என்பதுபோல் அன்று முழுவதும் கொல்லைப்புறத்திலேயே இருந்தார். மற்றவையெல்லாம் போயின. அம்மியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதன்மேல் அவர் எழுதிய எண் அன்றிரவு மழைச் சாரலில் கரைந்துவிட்டது.