படுக்கையும் நடுவழியும்: முதுகு வலியுள்ள உடலைப் பேணுவது பற்றிய ஒரு பௌத்த ஆராய்ச்சி

இந்தியாவில் தோன்றிய துறவு நெறிகள் உணவையும் உடையையும் போலவே படுக்கையையும் ஒழுக்கத்தின் எல்லைக்குள் கொண்டுவந்தன. அவற்றுள் பௌத்தம் அதை மிகுந்த நுட்பத்தோடு வரையறுத்தது. பௌர்ணமி, அமாவாசை முதலிய உபோசத நாட்களில், அதாவது நோன்பு நாட்களில், தேரவாத மரபைச் சேர்ந்த இல்லறத்தார் ஏற்கும் எட்டுச் சீலங்களுள் கடைசியானது, உயரமான படுக்கையையும் ஆடம்பரமான படுக்கையையும் விலக்கச் சொல்கிறது. இந்தச் சீலத்தை மதிக்கும் ஒருவர் பருத்த உடலும் நாள்பட்ட முதுகு வலியும் உடையவராக இருந்து, தமக்கேற்ற மெத்தையைத் தேடிப் பொருளும் நேரமும் செலவிட்டால், அந்தத் தேடல் துன்பத்தின் வேர் என்று பௌத்தம் காட்டும் வேட்கையின் இன்னொரு வடிவமா, அல்லது உடலுக்குச் செய்ய வேண்டிய கடமையா என்ற கேள்வி எழுகிறது. வலியோடு இரவைக் கழிப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஆகவே இதற்கு நூல்களின் துணையோடும் உடலியல் அறிவோடும் விடை காண்பது தேவையாகிறது.

முதலில் விதிகளின் இயல்பைக் காண வேண்டும். துறவியர் ஒழுக்கத்தைத் தொகுத்துரைக்கும் விநய பிடகம், பிக்குவின் கட்டிற்கால் எட்டு விரற்கிடைக்கு மேல் உயரக் கூடாது என்றும், மீறினால் அதை வெட்டிக் குறைக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பஞ்சு பொதிந்த கட்டிலோ இருக்கையோ செய்வித்தால் அந்தப் பஞ்சைப் பிய்த்தெடுத்துவிட வேண்டும் என்கிறது. இவற்றை மட்டும் படிப்பவருக்கு மென்மை என்பதே குற்றமாகக் கருதப்பட்டதோ என்று தோன்றும். ஆனால் அதே பிடகத்தில், உறைவிடங்களைப் பற்றிய பகுதி கம்பளி, துணி, மரப்பட்டை, புல், இலை ஆகிய ஐந்து பொருள்களால் நிரப்பிய மெத்தைகளைப் பிக்குகளுக்கு அனுமதிக்கிறது; மெத்தையில் விலக்கப்பட்ட பஞ்சைக்கூடத் தலையின் அளவுக்கு அமைந்த தலையணையில் இட்டுக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே விலக்கப்பட்டது உடலுக்குத் தாங்கல் தரும் படுக்கை அன்று. செல்வத்தையும் உயர்நிலையையும் பறைசாற்றிய, அரசரும் வணிகரும் துய்த்த படுக்கையே. இல்லறத்தார் நாள்தோறும் காக்கும் ஐந்து சீலங்களில் படுக்கையைப் பற்றி ஒரு விதியும் இல்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இதைவிட ஆழமான சான்று புத்தரின் வாழ்க்கையிலேயே உள்ளது. கபிலவத்துவில் சாக்கியர்கள் புதிதாகக் கட்டிய மன்றத்தில் இரவு நெடுநேரம் அறம் உரைத்த புத்தர், தம் முதுகு வலிப்பதாகவும் அதற்கு ஓய்வு தர வேண்டியிருப்பதாகவும் கூறி, எஞ்சியதை உரைக்கும்படி தம் சீடர் ஆனந்தரைப் பணித்துவிட்டு, மேலாடையை நான்காக மடித்து விரித்து வலப்பக்கமாகப் படுத்தார் என்று மஜ்ஜிம நிகாயம் என்னும் பௌத்த நூல் தொகுப்பின் சேக சுத்தம் என்னும் பகுதி பதிவு செய்கிறது. பாவா நகரத்து மல்லர்களின் புதிய மன்றத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்கே உரையைத் தொடர்ந்தவர் இன்னொரு சீடரான சாரிபுத்தர். முதுமையில் புத்தர் மாலை வெயிலில் முதுகைக் காட்டி அமர்ந்திருந்ததையும், உடலைப் பிடித்துவிட்ட ஆனந்தர் அது முன்போல் இல்லாமல் முன்பக்கம் வளைந்திருப்பதைக் கண்டு சொன்னதையும் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. விழிப்படைந்தவர் என்று போற்றப்படுபவர் தம் முதுகு வலியை மறைக்கவில்லை, அதைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருப்பதைத் தவமாக்கவில்லை, ஓய்வு கேட்பதை இழிவாகக் கருதவுமில்லை. ஆடையை நான்காக மடித்தது சிறிய செயலே ஆயினும், வெறுந்தரைக்கும் வலிக்கும் முதுகுக்கும் இடையே எவ்வளவு தாங்கல் தேவையோ அவ்வளவை அமைத்துக்கொண்ட செயல் அது.

வலிக்குக் காரணம் எது என்ற கேள்வி அடுத்து எழுகிறது. ஏனெனில் வலியுடையவர் மீது, சிறப்பாகப் பருத்த உடலுடையவர் மீது, பழி சுமத்தும் வழக்கம் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது. முற்பிறவியில் மற்போரில் இன்னொரு வீரரைத் துன்புறுத்தியதன் பயனே புத்தரின் முதுகு வலி என்று அபதானம் என்னும் பிற்கால நூல் கூறுகிறது. ஆனால் மோலிய சீவகர் என்னும் துறவிக்குப் புத்தர் அளித்த விடையோ வேறு வகையானது: பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைச் சீரின்றிக் கையாளுதல், திடீர்த் தாக்குதல், வினைப்பயன் என்று எட்டுக் காரணங்களால் உடலுணர்வுகள் எழுவதாகவும், எல்லாமே பழவினைதான் என்பவர்கள் அனைவரும் அறிந்த உண்மையை மீறிச் செல்வதாகவும் அவர் உரைத்தார். மிலிந்த மன்னரோடு உரையாடிய நாகசேனர் என்னும் பிக்குவும் இந்த எட்டுக் காரணங்களையே எடுத்துக்காட்டுகிறார். சீரின்றிக் கையாளுதல் என்ற ஆறாவது காரணம் திருத்திக்கொள்ளக்கூடியது. உடலுக்கு ஒவ்வாத படுக்கையில் ஆண்டுக்கணக்கில் படுத்திருப்பது அதனுள் அடங்கும் என்று கொள்வது பொருந்தும்.

உடற்பருமனைப் பற்றியும் அந்த மரபு கனிவோடுதான் பேசியது. கோசல மன்னர் பசேனதி பெருமளவு சோறு உண்டு மூச்சு வாங்க வந்து அமர்ந்தபோது, புத்தர் அவரைக் கடியாமல், உண்ணும் அளவை அறிந்தவருக்கு நோவு குறையும் என்ற கருத்தை ஒரு செய்யுளாகச் சொன்னார். மன்னர் அதை உணவு வேளைதோறும் ஓர் இளைஞரைக் கொண்டு ஓதச் செய்து, சிறிது சிறிதாக உணவைக் குறைத்து உடல் இளைத்தார். உடலெடையைக் குறைப்பது நீண்ட காலப் பணி. அது முடியும்வரை உடல் ஓய்வின்றிக் கிடக்க வேண்டும் என்ற நியதி எதுவும் இதில் இல்லை.

எனில், உடலைப் பேணுவதற்கும் உடலில் பற்று வைப்பதற்கும் இடையிலான எல்லை எது? துறவியருக்கு உடல் இனியதா என்று மிலிந்தர் கேட்டபோது, போரில் காயமுற்றவர் காயத்துக்கு மருந்திட்டுக் கட்டுவது காயத்தின் மீதுள்ள அன்பால் அன்று, அது ஆற வேண்டும் என்பதற்காகவே என்று நாகசேனர் விளக்கினார். பிக்குகள் நாள்தோறும் செய்யும் பச்சவேக்கணம் என்னும் ஆராய்ந்துணர்தலும் இதே எல்லையைத்தான் வகுக்கிறது: உறைவிடத்தைக் குளிர், வெப்பம், பூச்சிகள், பருவத்தின் இடர் ஆகியவற்றைத் தவிர்க்கவும் தனிமையில் மனத்தைப் பயிற்றவும் மட்டுமே பயன்படுத்துவதாக அவர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒரு பொருளின் தகுதியை அதன் விலையாலோ மென்மையாலோ அளக்காமல், அது எதற்காக என்பதால் அளக்கும் இந்த முறையே மெத்தையைத் தேர்வதற்கும் உரிய அளவுகோல் ஆகும்.

படுக்கையின் பயன் இரவில் முதுகெலும்பை அதன் இயல்பான வளைவுகளோடு தாங்கி, பகலெல்லாம் உழைத்த தசைகளைத் தளரவிடுவதே. படுத்த உடலின் பெரும்பளு இடுப்பிலும் மேல்முதுகிலும் இறங்குகிறது. மெத்தை மிகவும் மென்மையாக இருந்தால் பருத்த உடலில் இடுப்பு ஆழமாகப் புதைந்து, முதுகெலும்பு நடுவில் தொய்ந்து, கீழ்முதுகின் தசைகளும் தசைநார்களும் இரவு முழுவதும் இழுபடுகின்றன. மிகவும் கடினமாக இருந்தால் தோளிலும் இடுப்பெலும்பிலும் அழுத்தம் குவிந்து, இடைக்குக் கீழே தாங்கலற்ற இடைவெளி விழுகிறது. ஒருக்களித்துப் படுப்பவருக்கு இந்தத் துன்பம் கூடும். முதுகு வலிக்குக் கட்டாந்தரையே மருந்து என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரையை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. நாள்பட்ட கீழ்முதுகு வலியுடைய 313 பேரைக் கடினமான மெத்தை, நடுத்தர உறுதியுள்ள மெத்தை என்ற இரண்டில் ஒன்றில் படுக்கச் செய்து 90 நாட்களுக்குப் பின் ஆராய்ந்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் வலி அதிகமாகக் குறைந்திருந்தது.

இந்த முடிவைக் கண்டு, நடுத்தர மெத்தையே, இன்பநுகர்ச்சி, உடல்வருத்தம் என்ற இரு முனைகளையும் விலக்கும் புத்தரின் நடுவழி என்று எவரேனும் மகிழ்ந்தால் அவர் இரண்டையும் தவறாகப் புரிந்துகொண்டவர் ஆவார். நடுவழி என்பது இரு முனைகளுக்கும் சரிபாதியில் குறித்த புள்ளியன்று. நோக்கத்துக்கு எது உதவுகிறதோ அதை அந்தந்த உடலையும் சூழலையும் கண்டு தேரும் அறிவு அது. நடந்து தியானித்துப் பாதம் குருதி வடிய நின்ற சோணர் என்னும் பிக்கு மென்மையாக வளர்ந்தவர் என்பதை அறிந்து, புத்தர் அவருக்குக் காலணியை அனுமதித்தார். தமக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று சோணர் சொன்னபோது அதைச் சங்கம் முழுவதற்கும் பொதுவாக்கினார். படுக்கையிலும் இதுவே உண்மை: 60 கிலோ எடையுள்ளவருக்கு நடுத்தரமாக அமையும் மெத்தை 110 கிலோ எடையுள்ளவருக்குக் குழிந்துபோகும் அளவுக்கு மென்மையாகிவிடும், அவருடைய நடு, உறுதியின் பக்கமாகச் சற்றே தள்ளியிருக்கிறது.

ஆகவே கடையில் எழுதியிருக்கும் பெயரை நம்பாமல் மெத்தையின் உள்ளமைப்பை ஆராய வேண்டும். ஃபோம் மெத்தையில் உறுதி வேறு, அடர்த்தி வேறு. உறுதி என்பது அழுத்தும்போது அது தரும் எதிர்ப்பு, அடர்த்தி என்பது ஒரு கன மீட்டரில் அடங்கும் பொருளின் எடை. தொடுகைக்கு உறுதியாக இருந்தும் அடர்த்தி குறைந்த ஃபோம், கூடுதல் எடையின் கீழ் விரைவில் குழி விழுந்துவிடும். மெல்லிய மெத்தையைப் பருத்த உடல் அடிப்பலகைவரை அமுக்கிவிடும் என்பதால் தடிமனும் தேவை. லேடெக்ஸ் மெத்தையும், தனித்தனி உறைகளில் இட்ட ஸ்பிரிங்குகளின் மேல் மெல்லிய இதமான அடுக்கு அமைந்த மெத்தையும் இத்தகைய உடலை நன்கு தாங்குபவை; இலவம்பஞ்சு மெத்தை காற்றோட்டம் தருவதாயினும் எடையால் விரைவில் அமுங்கிக் கட்டிதட்டுவதால் அடிக்கடி பிரித்துக் கொட்டி நிரப்ப வேண்டியிருக்கும். வழக்கமாகத் தூங்கும் நிலையில் கால் மணி நேரமாவது படுத்துப் பார்த்து, இடைக்குக் கீழே கை தாராளமாக நுழைகிறதா, இடுப்பு புதைகிறதா என்று சோதிப்பது நன்று. மல்லாந்து படுப்பவர் முழங்காலின் கீழும், ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கு இடையிலும் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் கீழ்முதுகின் இறுக்கம் குறையும். விளிம்பில் அமர்ந்தால் பாதம் தரையில் படியும் உயரத்தில் கட்டில் இருப்பது எழுவதற்கு உதவும். எழுவதற்காக அமைந்த இந்த உயரம், சீலம் விலக்கும் பெருமைக்கான உயரம் அன்று.

இருப்பினும் ஒரு தடை எழலாம்: பொருத்தத்தைத் தேடத் தொடங்கினால் அந்தத் தேடலுக்கு முடிவுண்டா? ஆளவி நகரத்து ஹத்தகர் என்பவர், குளிர்காலத்தில் காட்டுவழியில் இலைப் பரப்பின் மேல் இருந்த புத்தரிடம் இன்பமாக உறங்கினீரா என்று கேட்டார். புத்தர் ஆம் என்றதோடு, கம்பளமும் மென்தோலும் விரித்த கட்டிலில் கிடக்கும் செல்வர் ஆசையாலும் வெகுளியாலும் வெந்துகொண்டிருந்தால் அவருக்கு உறக்கம் ஏது என்றும் வினவினார். படுக்கை உடலின் வலியைத் தணிக்க வல்லது. அந்த வலியைப் பற்றி மனம் தானே ஏற்றிக்கொள்ளும் அச்சத்தையும் கசப்பையும் தணிப்பது அதன் வேலையன்று. மெத்தை நோய்க்கு மருந்தாகவும் ஆகாது: காலில் மரத்துப்போதலோ வலுவிழப்போ தோன்றினாலும், சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறினாலும், எந்த நிலையில் படுத்தாலும் இரவில் வலி தணியாவிட்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடுவதே உடலைச் சீராகக் கையாள்வதாகும்.

உடல் தாங்கப்பட்டு, காலையில் வலி குறைந்து எழ முடிகிறது என்றால் மெத்தையின் பயன் நிறைவேறிவிட்டது. அதற்கு மேலும் தேடுவதுதான் வேட்கை. அந்த அளவை எட்டும்வரை தேடுவது வேட்கையாகாது. அதைத் தடுத்து வலியை வளர்ப்பது தவமும் ஆகாது. பருத்த உடலோடும் முதுகு வலியோடும் வாழ்பவர் தமக்கேற்ற படுக்கையை வெட்கமின்றித் தேரலாம், தேர்ந்தபின் அதைப் பற்றிய எண்ணத்தை விட்டுவிடலாம். புத்தரும் முதுகுக்கு ஓய்வு தந்த பின் தம் பணிக்கே திரும்பினார்.