காட்சிக்கு உரியவர் யார்?

திரைப்படக் கோட்பாடு படங்களின் நிறைகுறைகளை எடுத்துரைக்கும் விமரிசனம் மட்டுமன்று. திரையில் தோன்றும் உருவம் உண்மையோடு எத்தகைய உறவுடையது, அவ்வுருவை ஆக்கும் உரிமை எவருக்குரியது என்னும் வினாக்களையும் அது எழுப்புகின்றது. நுவரெலியா, அட்டன் மலைகளிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலைப் பொதிகளிலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் இன்றும் அச்சாகின்றது. ஆதலின் இவ்வினாக்கள் மலையகத்துக்குப் புறம்பானவை அல்ல.

இலங்கைத் தேயிலையின் விற்பனையைப் பெருக்கும் நோக்குடைய சபையொன்றின் ஆதரவில், ஜோன் கிரியர்சன் தயாரிக்க, பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' 1934இல் உருவாயிற்று. நான்கு பகுதிகளைக் கொண்ட அப்படத்திற் பெரிதும் காட்டப்படுவன சிங்களக் கிராம வாழ்வும் பௌத்த வழிபாடுமே. 1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூற்பகுதிகளை லயனல் வென்ட் வாசிக்கின்றார்.

1920களில் ஐசென்ஸ்ரைன், இரு காட்சிகள் மோதும்போது அவற்றுள் எதிலுமில்லாத புதிய பொருள் பிறக்கும் என்றார். 'வணிகத்தின் குரல்கள்' என்னும் மூன்றாம் பகுதியில் ரைட் இதனை ஒலியாற் சாதித்தார். உழைப்பின் காட்சிகள் மீது சந்தை விலை கூறும் குரல்கள் ஒலிக்கின்றன. உழைக்கும் கைக்கும் தொலைவிலுள்ள சந்தைக்குமிடையிலான பிணைப்பை விளம்பரப் படமே அம்பலப்படுத்திவிடுகின்றது. 1945இல் அந்திரே பசான், நிழற்படம் பொருளின் சுவட்டையே தாங்கிநிற்பது என விளக்கினார். அவ்வாறாயின், படத்தின் நோக்கம் எதுவாயினும் அக்கைகளின் உண்மை அழிவதில்லை. 1975இல் லோரா மல்வி, பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என வினவினார். ஹொலிவூட் படங்களை நோக்கி எழுந்த அவ்வினா தேயிலை மலைக்கும் பொருந்தும்.

அழகாகக் காட்டுவது குற்றமா? அன்று. ஆயின் அழகு, காட்டப்பட்டவருக்கு நாம் பட்ட கடனைத் தீர்ப்பதுமன்று. நாட்டின் தேயிலைக்கு முகமாக விளங்கிய மக்களுட் பெரும்பாலோருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையை மறுத்தது. முகம் வேண்டப்பட்டது, மனிதர் வேண்டப்படவில்லை.

அந்நியர் கமராவுக்குப் பதிலாக நம்மவர் கமரா வந்தாற் போதுமெனச் சிலர் கூறலாம். தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் 1975இல் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்தமை அவ்வழியில் முக்கிய முயற்சியே. எனினும் பிறப்பு மட்டும் பார்வையை நேர்மையாக்கிவிடாது. நம்மவர் படத்திலும் அப்பெண் வெறும் பின்னணியாக நிற்றல் கூடும். படமெடுப்பவர் எவராயினும் அளவுகோல் ஒன்றே: திரையில் உருவம் பெற்றவள் சொல்லும் பெற்றாளா என்பதே அது.