முதுமையில் படிப்பது வீணா?

"எழுபது வயதில் புத்தகம் எதற்கு? இன்று படிப்பது நாளை மறந்துவிடுகிறது. இனி எந்தப் பரீட்சைக்குப் போகப் போகிறோம்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கின்றனர். நினைவில் தங்காத கல்விக்கு மதிப்பு உண்டா என்பதே இக்கேள்வியின் உட்பொருள்.

நெய்வேலிவாசிகளான நமக்கு இது நெருங்கிய கேள்வி. 1957இல் சுரங்கப் பணி துவங்கி, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அன்று தொட்டு இங்கு உழைத்தவர்கள் வரிசையாக ஓய்வு பெறுகின்றனர். வேலை முடிகிறது, குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியதாகிறது. ஷிப்டுக்கு ஓடிய மனிதருக்குப் பகல் முழுவதும் கையில் நிற்கிறது. 1998இல் துவங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியில், பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தமக்கென ஒன்றும் வாங்காமல் திரும்பும் பெரியவர்களைக் கண்டிருக்கிறோம்.

கல்வி சம்பாத்தியத்திற்கு மட்டுமே என்றால் அவர்கள் செய்வது சரிதான். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லையே! ஓதும்படி முதல் கட்டளை இறங்கியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வயது நாற்பது. ஸஹாபாக்கள் முதிய வயதிலும் கல்வி கற்றதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் கிரந்தத்தில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

கி.பி. 973இல் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி மரணப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த மார்க்கச் சட்ட அறிஞரிடம் வாரிசுரிமை பற்றிய ஒரு மஸ்அலாவைக் கேட்டார். இந்த நிலையிலா என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் போவதைவிட அறிந்து போவது மேலல்லவா என்றார் அல்பிரூனி. விளக்கிவிட்டு அவர் தெருவில் இறங்கியதும் வீட்டில் அழுகுரல் எழுந்தது என வரலாற்றாசிரியர் யாகூத் எழுதுகிறார். அந்த அறிவைப் பயன்படுத்த அவருக்கு ஒரு நாள்கூட மிஞ்சவில்லை. அது வீணா?

முதுமையின் கடைசி நிலையில் மனிதன் அறிந்ததையெல்லாம் இழக்கக் கூடும் என்பதைத் திருமறையே உணர்த்துகிறது. எனவே மறதி குற்றமல்ல. படித்தால் மறதி நோய் அண்டாது என்று எவரும் உறுதி தர இயலாது. நோய் கண்ட பெற்றோரைக் குறை கூறுவது பாவம். ஆயினும், சென்ற மாதம் உண்ட சோறு நினைவில் இல்லை என்பதற்காக அது உடலை வளர்க்கவில்லை என்போமா? படித்த அரை மணி நேரம் நாவு புறம் பேசவில்லை. உள்ளம் நல்லதில் லயித்தது. நாம் மறந்தாலும் அல்லாஹ் மறப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. நேற்றையதை மறக்கும் முதியவருக்கு ஐம்பதாண்டுக்கு முந்தியது தெளிவாக நினைவிருக்கும். ஒரு நூல் அதைக் கிளறிவிடும். சுரங்கத்திற்காக இடம்பெயர்ந்த ஊர்களில் கிணறு எங்கிருந்தது, யார் வீடு எங்கிருந்தது என்பது அவர் நெஞ்சில்தான் இருக்கிறது. அது அமானிதம். அதைக் கேட்டு எழுதி வைப்பது பிள்ளைகளின் கடமை.

சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பதை 1931இல் ஒரு விதியாகவே வகுத்தார். அவ்விதியில் வயது வரம்பு இல்லை. கண் மங்கிய பாட்டனாருக்குப் பெரிய எழுத்து நூலை எடுத்துக் கொடுங்கள். இல்லையேல் பேரன் அருகிலிருந்து வாசித்துக் காட்டட்டும்.

இறுதி மூச்சு வரை கற்கும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.